நான் ஓட்டாத கார்

ஞாயிற்றுக்கிழமைகளில் பதினொன்றரை மணி அடித்ததும் ஃப்ராவ் வேபர் மாடிப்படிக்குக் கீழே வந்து நின்று, மேலே பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பார். "வீஃபீல்?" எத்தனை என்று பொருள். எத்தனை உருளைக்கிழங்கு என்பது கேள்வி. நான் நான்கு என்றால் என் தட்டில் நான்கு இருக்கும். அவருக்கு எப்போதும் இரண்டு. ஆறு கிழங்கு வேகும், ஆறும் தீரும், சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் உட்கார்ந்து பேசுவார். மேற்கு ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், கூரைக்கு அடியில் இருக்கும் அறையை எனக்கு வாடகைக்கு விட்டிருக்கும் அம்மாள் இவர். நான் வந்த புதிதில் முதல் ஞாயிற்றுக்கிழமை இதைக் கேட்டபோது, நம் ஊர் வழக்கப்படி கூச்சப்பட்டுக்கொண்டு ஒன்று போதும் என்றேன். இன்னும் இரண்டு வைத்துக்கொள் என்று அவர் வற்புறுத்துவார், நான் இலைக்குக் குறுக்கே கையை நீட்டுவதுபோல நீட்டுவேன், அதையும் மீறி வைப்பார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு கிழங்குதான் வந்தது. அன்று மாலை வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒரு கடைகூடத் திறந்திருக்காது.

இதைப் படிக்கும் ஊர்க்காரர்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் சிரிக்கமாட்டீர்கள். உங்களுக்கும் இப்படி ஒரு முதல் ஞாயிறு இருந்திருக்கும். காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில் எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவரிடம் எத்தனை இட்லி என்று கேட்டிருந்தால் அவர் எழுந்து போயிருப்பார். அப்பா சொந்தமாக ஒன்றரை ஏக்கரும் விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்கு எடுத்த நிலம் கொஞ்சமும் உழுதுகொண்டிருந்தார். மாடு இரண்டு. அதற்குள்தான் எங்கள் வரவும் செலவும். ஆனாலும் அம்மா உலை வைக்கும்போது யாரோ இரண்டு பேர் வரப்போவதுபோல இரண்டு கை அரிசி கூடப் போடுவாள். யாரும் வராத நாளில் அது நீராகாரமாகும். மிச்சம் விழாத வீடு இல்லாதப்பட்டவர்கள் வீடு என்றுதான் அம்மா நினைத்தாள்.

ஜெர்மன் கொஞ்சம் கைவந்தபின் ஒருநாள் ஃப்ராவ் வேபரிடம் கேட்டே விட்டேன், நீங்கள் ராய்ஷா, அதாவது பணக்காரரா என்று. இங்கே யாரும் யாரிடமும் கேட்கக்கூடாத கேள்வி அது என்று எனக்கு அப்போது தெரியாது. இந்த வீடு அவருடையது, அடுத்த தெருவில் இன்னொன்றும் உண்டு, ஆனால் குளிர்காலத்தில் முழங்கையில் ஒட்டுப்போட்ட கம்பளிச் சட்டையோடுதான் இருப்பார். அவர் முகம் சிவந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, விளக்கைப் போட்டு என்னை நிலவறைக்கு அழைத்துப்போனார். மரத்தொட்டி நிறைய உருளைக்கிழங்கு. பலகைகளில் பழப்பாகு ஜாடிகள். "மார்ச் மாதத்தில் இந்தத் தொட்டியில் கிழங்கு இருந்தால் நான் ராய்ஷ்" என்றார். யுத்தம் முடிந்த வருஷம், கல்யாணத்துக்கு வந்த படுக்கை விரிப்புகளைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய்க் கிழங்குக்கு மாற்றியிருக்கிறார். எல்லா விரிப்பும் போய்விட்டதாம். சொல்லும்போது கோபப்பட்டாரே தவிர அழவில்லை. உங்கள் வீட்டார் எப்படி, பணக்காரர்களா என்று திருப்பிக் கேட்டார். இந்தக் கேள்விக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இத்தனை வருஷம் கழித்து அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நான் அறுபத்தாறில் பயிற்சிக்காக இங்கே வந்தவன். பயிற்சி முடிந்ததும் அதே தொழிற்சாலையில் லேத்தில் நிற்கும் வேலை கிடைத்தது. மரியாதையான வேலைதான், ஆனால் விரல் இடுக்கில் போன எண்ணெய் ஞாயிற்றுக்கிழமை கூடப் போகாது. ஊருக்கு அதை எழுதவில்லை. எழுதாமல் விட்டதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஒரு கோடை நாளில் ஃப்ராவ் வேபரின் மகன் தன் வெள்ளைக் காரில் தாயைப் பார்க்க வந்திருந்தான். அதன் கதவில் கை வைத்துக்கொண்டு நின்று ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். பின்பக்கத்தில் ஒரு வரியும் எழுதவில்லை. பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ள அது வசதியாக இருந்தது. அம்மா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்கூடத்தில், வருகிறவர் கண்ணில் முதலில் படும் இடத்தில் மாட்டிவிட்டாள்.

ஐந்தாறு வருஷம் போனது. இருப்புக்கொள்ளவில்லை. காலையில் எழுந்தால் ஊருக்குப் போய்விடலாம் என்று தோன்றும், சம்பள நாளில் இன்னும் ஒரு வருஷம் என்று தோன்றும். கடைசியில் அப்பாவுக்கு மட்டும் உண்மையை எழுதினேன். கார் என்னுடையது இல்லை, நான் லேத்தில் நிற்கிறவன், கையில் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது, காரைக்குடியில் ஒரு லேத் பட்டறை போட்டு உட்கார்ந்துவிடலாம் என்று பார்க்கிறேன். அப்பாவின் பதில் இரண்டே வரி. "காரைக்குடியில் செக்காலைப் பக்கம் ஒரு இடம் பார்த்து வைத்திருக்கிறேன். வள்ளி கல்யாணத்துக்கு வரும்போது திரும்பிப் போகிற யோசனை இல்லாமல் வரவும்." வள்ளி என் ஒரே தங்கை. எழுபத்திரண்டு வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். திரும்பிப் போகப்போவதில்லை என்ற முடிவோடுதான் நான் விமானம் ஏறினேன். கல்யாணம் முடிந்த கையோடு அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று நானும் அப்பாவும் பேசிக்கொண்டோம்.

அம்மாவோ வேறு ஒன்றை முடிவு செய்து வைத்திருந்தாள். மாப்பிள்ளை திருப்பத்தூர், தாலுகா ஆபீசில் குமாஸ்தா. பெண் பார்க்க வந்த அவருடைய அத்தை போட்டோவை ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, "நாங்க ஒண்ணும் கேக்கல. மகன் சீமையில இருக்காரு, ஒங்க தகுதிக்குச் செய்வீக" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இன்னது வேண்டும் என்று கேட்டிருந்தால் பேரம் பேசலாம். தகுதி என்றால் அம்மா எங்கே போவாள்? அவளுக்குத் தெரிந்த தகுதி பக்கத்துத் தெருவில் இருந்தது. செட்டிமார் வீட்டுக் கல்யாணங்களில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களையெல்லாம் கூடத்தில் பரப்பி வைப்பார்கள். வெண்கலம், பித்தளை, எவர்சில்வர், மரச்சாமான் என்று தரை தெரியாமல் இருக்கும். சம்பந்தி வீட்டார் சுற்றிவந்து பார்ப்பார்கள். எங்களைப்போல உழுது பிழைக்கிற குடும்பங்களில் அந்த வழக்கம் கிடையாது. ஒரு குடம், ஒரு குத்துவிளக்கு, நாலு பாத்திரம், அவ்வளவுதான். அம்மா கூடம் நிறையப் பரப்புவது என்று தீர்மானித்துவிட்டாள்.

சாமானை இரவல் வாங்க உமையாள் ஆச்சியிடம் போனாள்; சாமான் பின்னால் வரும் என்று சம்பந்தி வீட்டாரை அனுப்பிவிட்டுத் திருப்பிக் கொடுப்பதாகக் கணக்கு. ஆச்சி என்றதும் வெளியூர்க்காரர்கள் பாட்டி என்று நினைப்பார்கள். கல்யாணமான செட்டி வீட்டுப் பெண்கள் எல்லோரும் எங்கள் பக்கம் ஆச்சிதான். உமையாள் ஆச்சிக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை. புருஷன் இல்லை, ஒரே மகன் மலேசியாவில், ஈப்போவில் தொழில் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா அவர் வீட்டுக்குப் பால் ஊற்றுவாள். ஊற்றிவிட்டு வந்துவிடமாட்டாள், இருவரும் வளவில், அதாவது உள்முற்றத்தில், உட்கார்ந்து ஊர் வம்பை ஒரு மணி நேரம் அலசிவிட்டுத்தான் பிரிவார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் மாட்டுவண்டியில் ஆச்சி வீட்டுக் கொல்லைவாசலில் போய் நானும் அம்மாவும் பாத்திரம் ஏற்றினோம். குடம், கொப்பரை, அண்டா, தாம்பாளம் என்று நாற்பது உருப்படிக்குக் குறையாது. மேலே வைக்கோல் போட்டு மூடினோம்.

"நாலாம் நாள் வந்துரணும் காளி. ஆடியில மகன் வாரான், எங்கேன்னு கேப்பான்" என்றார் ஆச்சி.

"எழுதி வச்சுக்கிறீகளா ஆச்சி?" என்று அம்மா கேட்டாள்.

"எதுக்கு? எனக்கு ஒண்ணொண்ணுக்கும் மொகம் தெரியும்."

ஒவ்வொரு பாத்திரத்தின் கழுத்திலும் உமையாள் என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் எழுத்து இருக்கும் இடம் தெரியும். வள்ளியைக் கூட வைத்துக்கொண்டு, பெயர் இருக்கும் பக்கமெல்லாம் சுவரைப் பார்த்து இருக்கும்படி திருப்பித் திருப்பி வைத்தாள். எங்கள் முன்கூடம் ஒரே நாளில் செட்டி வீட்டுக் கூடமாகிவிட்டது. அம்மா வாசல்படியில் நின்று அதைப் பார்த்த பார்வை எனக்கு இப்போதும் கண்ணில் இருக்கிறது. அவள் முகத்தில் பேராசை இல்லை. வாழ்நாளில் ஒரு தடவையாவது யாரும் தன்னைப் பார்த்து ஐயோ பாவம் என்று சொல்லமுடியாமல் நிற்பது, அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. வள்ளி மட்டும் என் காதருகில், "அண்ணே, எனக்கு இதுல ஒண்ணும் வேணாம். உள்ள தாப்பாப் போட்டுக்கிறமாதிரி ஒரு ரூமு இருந்தாப் போதும். திருப்பத்தூர் வீட்டுல அது இருக்காம்" என்றாள். சொல்லும்போது அவள் முகம் மலர்ந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் இருந்ததே ஒரு கூடமும் ஓர் அடுப்படியும்தான் என்பது பிறகுதான் உறைத்தது.

மறுநாள் காலை மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். முகூர்த்தத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அத்தை கூடத்துக்குள் வந்து சாமான்களைப் பார்த்ததும் இரண்டு புருவமும் மேலே போயின. அம்மா நினைத்தது நடந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் பாத்திரம் பார்க்கிற பெண்கள் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை, கனம் பார்ப்பார்கள். இதை அம்மா எப்படி மறந்தாள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அத்தை ஒரு குடத்தைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். தூக்கியவர் இறக்கவில்லை.

"உமையாள்னுல்ல வெட்டிருக்கு? பொண்ணு பேரு வள்ளி, ஒங்க பேரு காளியம்மா. உமையாள் யாரு?"

அத்தை அடுத்த பாத்திரத்தைத் திருப்பினார். அதற்கடுத்ததையும் திருப்பினார். மாப்பிள்ளையின் தகப்பனார் எழுந்து, தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். கல்யாணத்தை நிறுத்திவிட்டுக் கிளம்பப்போகிறார் என்று சபையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அடுப்படி வாசலில் வள்ளி மாலையும் கழுத்துமாக நின்றிருந்தாள்.

பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த உமையாள் ஆச்சி மடியில் கிடந்த விசிறியை எடுத்து வைத்துவிட்டு எழுந்தார். "என்னத்தைத் திருப்பித் திருப்பிப் பாக்குறீக? என் பேருதான். நான் குடுக்கிற சீருல என் பேரு இல்லாம ஒங்க பேரா இருக்கும்? எனக்குப் பொம்பளப் புள்ள இல்ல. இது நான் தூக்கி வளத்த புள்ள. நல்லா எல்லாத்தையும் திருப்பிப் பாத்துக்கங்க, ஒண்ணுலயாவது பேரு விட்டுப் போயிருந்தாச் சொல்லுங்க, ஆளை விட்டு வெட்டச் சொல்றேன்."

கொடுத்தவர் பெயரைப் பாத்திரத்தில் வெட்டிக் கொடுப்பது உலக வழக்கம்தானே. அத்தைக்குப் பேச இடமில்லை. அதோடு, ஒரு பெரிய வீட்டு ஆச்சி சீர் செய்கிற குடும்பம் என்றால் சாதாரணக் குடும்பமா? குடத்தைப் பதவிசாகக் கீழே வைத்தார். "தப்பா எடுத்துக்கிறாதீக ஆச்சி" என்று சிரித்தார். சிரித்த கையோடு, சூடு தணிவதற்காகவோ என்னவோ, சுவரில் இருந்த போட்டோவைக் காட்டி என் பக்கம் திரும்பினார்.

"தம்பிக்குக் கார்லாம் இருக்காமே அங்குட்டு? இதானா?"

அப்பா எனக்கு எதிரே, தூணருகில் நின்றிருந்தார். என்னையே பார்த்தார். இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது. இல்லை என்றால், இப்போதுதான் ஆச்சி தாங்கிப் பிடித்த கூரை மறுபடி விழும். இருக்கிறது என்றால், கார் வைத்திருக்கும் ஜெர்மனிக்காரன் செக்காலையில் எண்ணெய்க் கையோடு லேத்தில் நிற்க முடியாது. திருப்பத்தூருக்கும் காரைக்குடிக்கும் எத்தனை பஸ் ஓடுகிறது! ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். வள்ளி அந்த வீட்டில் தலை நிமிரமுடியாது. ஆச்சி ஒரு வாக்கியத்தில் நாற்பது பாத்திரத்தைக் கொடுத்தார். நான் ஒரு சொல்லில் என் ஊரைக் கொடுத்தேன்.

"இருக்கு" என்றேன்.

அப்பா திரும்பி, பந்திக்கு இலை வந்துவிட்டதா என்று பார்க்கப் போனார். வள்ளி கழுத்தில் நல்ல நேரத்தில் தாலி ஏறியது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பட்டறையைப் பற்றி யாரும் பேசவில்லை. அம்மாவுக்கு அப்படி ஒரு யோசனை இருந்ததே தெரியாது. அவள் கவலை வேறாக இருந்தது. சாமான் முழுதும் வள்ளியோடு திருப்பத்தூர் போய்விட்டது. நாலாம் நாள் ஆச்சி வீட்டுக்குப் போய், மறுவீட்டுக்கு வள்ளி வரும்போது எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவரச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். சபையில் கொடுத்தேன் என்று சொன்ன சாமான் இனி என் சாமான் இல்லை என்று ஆச்சி ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். அம்மா வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள். "இரவல் கேக்கப் போறவ நிமிந்து போகலாம். சும்மா குடுத்ததை வாங்கிக்கிட்டவ எப்பிடிடா போறது?" என்று என்னிடம்தான் கேட்டாள். மறுநாளிலிருந்து பாலை வேறு ஆள் மூலம் கொடுத்தனுப்பினாள். நன்றி இல்லாதவள் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கும் அன்று கோபம்தான் வந்தது. இப்போது அப்படி நினைக்கவில்லை. யாரிடமும் கை ஏந்தாதவள் என்பதுதான் அம்மாவிடம் இருந்த ஒரே சொத்து. அதுதான் அன்று சபையில் போயிற்று.

புறப்படுவதற்கு முன் ஆச்சியிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். மகன் வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன். அதை விடு என்று கையை வீசிவிட்டு, "ஒங்காத்தா ஏன் இங்குட்டு வாரதில்ல?" என்று கேட்டார். வேலை அதிகம் என்று மழுப்பினேன். "எங்கிட்ட எதுக்குப் பொய் சொல்ற? சாமானுக்கு இந்த வீட்டுல என்ன பஞ்சம் தம்பி? ரெட்டைக்கட்டு வீடு நெறையக் கெடக்கு. ஒரு ஆளு வந்து ஒக்காந்து பேசுச்சு, அதுதான் கொறஞ்சு போச்சு" என்றார். சொன்னதோடு விடவில்லை, பலகாரத் தூக்கு ஒன்றை என் கையில் திணித்தார். அதிலும் அவர் பெயர் இருந்தது.

காரைக்குடி ஸ்டேஷனுக்கு அப்பா மட்டும் வந்தார். வண்டி வர நேரமிருந்தது. செக்காலை இடம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. முன்பணம் கொடுக்கவில்லை, நல்லதாப் போச்சு என்று அவராகவே சொன்னார். பிறகு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு, "காரு நல்லா ஓடுதாடா?" என்றார். நானும் சிரித்தேன், அவரும் சிரித்தார். அவர் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. "கூப்பிட்டாக் கேக்குற தூரத்துல ஒரு புள்ள இருந்தா அவன்தான் பணக்காரன்னு நெனச்சுருந்தேன். போகட்டும். தங்கச்சி நல்லாருக்கட்டும்" என்றார். அப்பாவிடமிருந்து அத்தனை நீளமாக நான் கேட்ட பேச்சு அது ஒன்றுதான். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

திரும்பி வந்ததும் கல்யாண போட்டோக்களை ஃப்ராவ் வேபரிடம் காட்டினேன். கூடம் நிறையப் பாத்திரம் இருந்த படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "உங்கள் குடும்பத்துக்குப் பாத்திரக்கடை இருப்பதைச் சொல்லவே இல்லையே?" என்றார். கடை இல்லை, கல்யாணம் என்றேன். கல்யாணத்தன்று கூடக் கடையை மூடவில்லையா என்று ஆச்சரியப்பட்டார். எங்கே தொடங்கி விளக்குவது? ஆமாம் என்றேன். எல்லாம் விற்றுப்போயிற்றா என்று கேட்டார். ஒன்று மிச்சமில்லாமல் போய்விட்டது என்றேன். மிச்சமில்லை என்றதும் அவருக்கு மகிழ்ச்சி.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. வள்ளிக்கு ஒரு பெண் குழந்தை. உள்ளே தாழ்ப்பாள் உள்ள அறை உண்மையாகவே இருக்கிறது என்று எழுதியிருந்தாள். நான் ஊருக்குப் போகவில்லை. போனால் காரைப் பற்றிக் கேட்பார்கள், போகாவிட்டால் பிஸியான பெரிய மனுஷன் என்பார்கள். நான் தூரத்தில் இருக்கும்வரைதான் என் வீட்டார் பணக்காரர்கள். போன மாதம் அப்பாவின் கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தது. அம்மா சொல்லச் சொல்ல அப்பா எழுதியது. "நீ அவ்விடத்தில் மாடி வீடு ஒன்று வாங்கிவிட்டதாக உன் தாயார் திருப்பத்தூரில் சம்பந்தி வீட்டில் சொல்லியிருக்கிறாள். யாராவது கேட்டு எழுதினால் அதற்குத் தக்கபடி பதில் எழுதவும். வீடு எப்படி இருக்கிறது, வாசல் எந்தத் திசை என்று விவரமாக எழுதினால் இங்கே எங்களுக்கும் சொல்வதற்கு வசதியாக இருக்கும்." அப்பா அந்த வரிகளைத் திருத்தாமல், குறைக்காமல், முத்து முத்தாக எழுதியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு கிழங்கும் சாப்பிட்டுவிட்டுக் குடையோடு கிளம்பினேன். ஊரின் மேட்டுப்பக்கம் நல்ல வீடுகள் உண்டு. முதல் தெருவில் ஒன்றும் பிடிக்கவில்லை; ஒன்று ரொம்பப் பெரிசு, அம்மாவே நம்பமாட்டாள், இன்னொன்றுக்கு மாடி சின்னது. மூன்றாம் தெருவில் பச்சைக் கதவு போட்ட ஒரு மாடி வீடு கிடைத்தது. எதிர்ப்பக்கம் நின்று ஜன்னல்களை எண்ணினேன். கதவைத் திறந்துகொண்டு ஒரு மனிதர் வெளியே வந்து, என்ன வேண்டும் என்று கேட்டார். வீடு அழகாக இருக்கிறது என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "விற்பனைக்கு இல்லை" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வந்து கடிதம் எழுதினேன். பச்சைக் கதவு, தெருவைப் பார்த்து ஐந்து ஜன்னல், முன்னால் ஒரு ஆப்பிள் மரம். திசைதான் தெரியவில்லை. மூன்று வாரமாக இங்கே சூரியனைக் கண்ணால் பார்க்கவில்லை. கிழக்குப் பார்த்த வாசல் என்று எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். அடுத்த ஞாயிறு வெயில் அடித்தது. மனசு கேட்காமல் மறுபடி போய், அந்த மனிதர் கண்ணில் படாமல் தெருமுனையில் நின்று பார்த்தேன். வாசல் தெற்குப் பார்த்திருந்தது. எழுதியது எழுதியதுதான். இங்கே அது தெற்குப் பார்த்த வீடு, கோட்டையூரில் கிழக்குப் பார்த்த வீடு. இரண்டிலும் நான் குடியில்லை.